மா ஏன் நடக்கவில்லை

போன மாதம் ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்று வந்தபின் என் நாற்காலியில் இருப்பவள் அவள்தான். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குப் பின்பக்கமாக இருக்கும் எங்கள் தானியக் களஞ்சியத்தின் ஆய்வுகூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்களாம். தானியத்தில் பெருகும் மைற்றா என்ற நுண்பூச்சியை எண்ணுவதற்குக் கமெரா பூட்டிய புது மெஷின் வந்திருக்கிறதாம். தட்டை உள்ளே தள்ளினால் திரையில் எண்ணிக்கை விழுந்துவிடும். முடிவுகளை எழுதப் புது ஃபோமும் அடித்திருக்கிறார்கள். அதில் ‘மணம்’ என்ற கட்டம் இல்லை. மெஷினுக்கு மூக்கு இல்லாதபடியால் எடுத்துவிட்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை ரிஸ்னாவிடம் காட்டவில்லை. அவள் என்ன செய்வாள், பாவம்.

பழைய இடத்தை விட்டுப் போகுமுன் ஒரு சிறு மலர் வெளியிடுகிறார்கள். அதற்கு நான் எழுத வேண்டுமாம்.

“நளீம் சேர்ட ‘ஏன்’ கதைய ஒங்கள விட்டா வேற யாரு மிஸ் எழுதுற?” என்றாள்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதத்தான் முடியவில்லை. வெள்ளவத்தையில் நான் இருக்கும் மூன்றாம் மாடிக்குக் கீழே கடலோர ரயில் போகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்தால் ரயில் வரும்போதெல்லாம் கட்டில் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கத்தில் பாதித் தூக்கமாக, பாதி நினைவாக ஒரு கறுப்புக் கண்ணாடித் தட்டு கண்முன் வரும். அதன் நடுவில் வெளிர்மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு மலை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உச்சி சரியும். யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை, ஆனாலும் சரியும். நான் விழித்துக்கொள்வேன். ரயில் தெஹிவளைப் பக்கம் போயிருக்கும்.

எங்கள் களஞ்சியத்தில் அதற்கு ‘மா நடக்குது’ என்று பெயர். சாக்கில் இருந்து எடுத்த தானியத்தைச் சலித்தால் அடியில் விழும் தூளைத்தான் எங்கள் ஆட்கள் மா என்பார்கள். அந்த மாவைக் கறுப்புக் கண்ணாடியில் கொட்டி, கோடு போடும் அடிமட்டத்தால் இரண்டு பக்கமும் தட்டிக் கூரான கூம்பாக்கி, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்போம். கிண்ணத்தின் விளிம்பில் வசலின் பூசியிருக்கும். மறுநாள் காலையில் கூம்பு வைத்தபடியே கூராக இருந்தால் மா தூங்குகிறது, நல்லது. உச்சி மழுங்கி, சரிவில் கோடுகள் விழுந்து, அடிவாரம் பரவியிருந்தால் மா நடக்கிறது. உள்ளே மைற்றா இருக்கிறது. தென்னங்குரும்பையைச் சொறி பிடிக்கவைக்கும் மைற்றாவை எல்லோருக்கும் தெரியும். இது அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். எட்டுக் கால், வெள்ளை உடம்பு, வெறுங்கண்ணுக்குத் தூசு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் ஒன்றும் தெரியாது. கொட்டாஞ்சேனைப் பெண், உயர்தரத்தில் உயிரியல் படித்தவள், கை நடுங்காது என்பதற்காக எடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் போத்தல் கழுவினேன், சல்லடை தேய்த்தேன், ஈரமானியில் அளவு பார்த்தேன். அதற்குமேல் சொல்ல அந்தக் காலத்தில் எதுவும் இல்லை. பிறகு ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக நளீம் சேர் வந்தார்.

நளீம் சேரின் பூர்வீகம் எங்கேயோ தெற்கில், வளர்ந்ததெல்லாம் கொழும்பு. அரைக்கை வெள்ளைச் சேர்ட், மடித்த கைக்குட்டை, மெதுவான நடை. களஞ்சியத்துக்குள் மாதிரி எடுக்கப் போனால் சாக்கில் ஊசிக்குழாயைக் குத்துவதற்கு முன் விரல் மொளியால் இரண்டு தட்டுத் தட்டுவார். கதவைத் தட்டுவது போலத்தான். ஏன் சேர் என்று கேட்டால், “உள்ள ஆள் ஈக்கிற வீட்டுக்குத் தட்டாமப் போகலாமா?” என்பார். சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

மணம் பார்ப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மாதிரியைச் சிறு போத்தலில் அரைவாசி நிரப்பி, தக்கையால் மூடி, உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். கைச்சூட்டில் போத்தல் வெதுவெதுப்பாகும் வரை வெளியே கப்பல்களின் பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு தக்கையைத் திறந்து ஒரே ஒரு தரம் மூச்சை இழுப்பார். இரண்டாம் தரம் மணந்தால் மூக்கு பொய் சொல்லும் என்பது அவருடைய கொள்கை. மணந்தது என்ன என்பதைச் சொல்லமாட்டார். போத்தலை என்னிடம் தந்து, நான் மணந்து என் கொப்பியில் எழுதிய பிறகுதான் தன் கொப்பியில் எழுதுவார். என்னுடையதைத் திருத்தியதும் இல்லை. இரண்டு கொப்பியும் ஒத்துப்போகாத நாட்களில் அவருக்கு ஒரு சந்தோஷம் தெரியும். அது ஏன் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

அவர் எனக்குக் காட்டியதில் இன்றைக்கும் கனவில் வருவது பூஞ்சணக் காடுதான். ஈரம்பட்ட சோளமணி ஒன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், பார்வை தெளியும்வரை வெறும் பனிமூட்டம். பிறகு பனி விலகி, கண்ணாடிக் காம்புகளும் காம்புகளின் நுனியில் நீலப்பச்சை உருண்டைகளுமாக ஒரு காடு நிற்கும். அந்தக் காட்டுக்குள் மைற்றாக்கள் அவசரமே இல்லாமல் மேய்ந்துகொண்டு போகும். பலருக்கு இது தெரியாது. இந்த வகை மைற்றா தானியத்தைவிடத் தானியத்தில் பிடிக்கிற பூஞ்சணத்தைத்தான் விரும்பித் தின்னும். தின்றுவிட்டுப் போகும்போது உடம்பு மயிரிலும் காலிலும் பூஞ்சண வித்துகளை ஒட்டிக்கொண்டு அடுத்த மணிக்குப் போகும். அங்கே அது முளைக்கும். தன் மேய்ச்சல் நிலத்தைத் தானே விதைத்துக்கொண்டு போகிற பிராணி. ஆனால் எல்லாப் பூஞ்சணமும் அதற்குச் சோறு இல்லை என்றும் சேர் சொல்லியிருந்தார். சிலதில் பெருகும், சிலதில் முட்டையே இடாது, சிலதைத் தின்றால் செத்தும் போகும். இதை நான் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். எழுதியதெல்லாம் தலைக்குள் இருக்கும் என்று நினைத்த வயது.

அந்த வருடம் மழை ஓயாமல் பெய்தது. களஞ்சியத்தில் மூன்றாம் அறையிலும் ஐந்தாம் அறையிலும் சோளம் அடுக்கியிருந்தார்கள். கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற சத்துமாவுக்கு அரைக்கப் போகிற சோளம். மூன்றாம் அறையின் பொறுப்பாளர் பஸ்தியன். மட்டக்குளி ஆள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு எங்களிடம் வந்து, தன் முயற்சியால் பொறுப்பாளர் ஆனவர். அதிகம் கதைக்கமாட்டார். அறைக்குள் செருப்போடு போகமாட்டார். ஐந்தாம் அறையின் பொறுப்பாளர் இன்னொருவர், அவரும் நல்ல மனிதர்தான். அவருடைய அறையைப் பெரியவர்கள் பார்க்க வந்தால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவ்வளவு சுத்தம்.

இரண்டு அறைகளிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்தேன். சேர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்ததால் நான் மட்டும். சாக்கைத் தட்டவில்லை, நேரே குத்தினேன். ஈரமானி இரண்டு அறைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டியது. கூடுதலான ஈரம்தான். எழுதிக்கொண்டேன். இரண்டு கூம்பு செய்து, கிண்ணம் கவிழ்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் மூன்றாம் அறையின் மா கண்ணாடி முழுக்க நடந்திருந்தது. மலை இருந்த இடத்தில் ஒரு மேடுகூட இல்லை. பக்கத்தில் ஐந்தாம் அறையின் கூம்பு நான் வைத்தபடியே, உச்சி கூட உதிராமல் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. ஐந்துக்கு ‘மா நடக்கவில்லை, பாவனைக்கு உகந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மூன்றுக்கு ‘மா நடந்தது’ என்று எழுதி, பஸ்தியனைக் கூப்பிட்டேன். ஃபோமின் அடியில் பொறுப்பாளரின் குறிப்பு என்று நாலு வரி இடம் இருக்கும். வழக்கமாக அதில் ஒரு கையெழுத்துத்தான் விழும்.

அவர் வந்து இரண்டு தட்டையும் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி எழுதினார். அவர் எழுத்து மெதுவானது, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுகிறவர். எனக்குத் தேத்தண்ணி நேரம் பிந்திக்கொண்டிருந்தது. அவர் நீட்டிய தாளை வாங்கி, ஃபோம்கள் போடும் தட்டில் போட்டுவிட்டுக் கன்ரீனுக்குப் போனேன்.

கன்ரீனில் யாரோ ரிசல்ட் என்ன என்று கேட்டார்கள். நான் பனிசைக் கடித்துக்கொண்டே, பஸ்தியனின் மா மட்டக்குளிக்கே நடந்து போய்விடும் போல இருக்கிறது என்று பகிடியாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்க்கையில் இருந்து எடுத்துவிட முடியுமென்றால் எடுத்துவிடுவேன்.

பகிடி மத்தியானத்துக்குள் களஞ்சியம் முழுக்கப் போய்விட்டது. பின்னேரம் அது மனேஜரின் காதுக்கு எட்டியபோது பகிடியாக இருக்கவில்லை. மூன்றாம் அறை அசுத்தம், பொறுப்பாளரின் கவனயீனம், பிள்ளைகளின் சாப்பாட்டில் விளையாட்டு என்று ஆகியிருந்தது. மறுநாள் பஸ்தியனுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த கிழமை விசாரணை, அதுவரை வீட்டில் இருக்கவேண்டும். ஐந்தாம் அறைச் சோளத்தை ஆலைக்கு அனுப்ப லொறிக்குச் சொல்லிவிட்டார்கள்.

நளீம் சேர் திரும்பி வந்தது அன்றைக்குத்தான். இரண்டு ஃபோமையும் எடுத்து ஜன்னலோரம் நின்று வாசித்தார். அவர் வாசித்து முடிக்க இவ்வளவு நேரம் எடுத்ததை நான் பார்த்ததில்லை. பிறகு என்னைப் பார்த்து, “பிலோ, ஃபோம முழுசா வாசிச்சீங்களா?” என்று கேட்டார். நான் எழுதிய ஃபோம்தானே, வாசித்தேன் என்றேன். அவர் ஈர அளவைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். சற்றுப் பொறுத்து அடுத்ததைக் கேட்டார்.

“ரெண்டு அறையும் ஒரே ஈரம். ஒரே கூரை, ஒரே மழை. மூணாவதுல மா நடக்குது, சரி. அஞ்சாவதுல ஏன் நடக்கல்ல?”

சுத்தமான அறை சேர் என்றேன். மைற்றாவுக்குக் கூட்டிப் பெருக்கினது தெரியாது, ஈரமும் சாப்பாடும் இருந்தால் வரும், வரவில்லை என்றால் வரவிடாத ஒன்று அங்கே இருக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். உடனே போனை எடுத்து லொறியை நிறுத்தினார். மனேஜரிடம் ஒரு கிழமை தவணை கேட்டார். ஐந்தாம் அறைப் போத்தலைக் கையில் வைத்துச் சூடாக்கி என்னிடம் நீட்டினார். நான் மணந்தேன். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த பழைய சாக்கின் மணம், அதற்கு அடியில் இனிப்பாக ஏதோ. முந்தாநாள் நான் அதை மணந்து பார்க்கவே இல்லை.

அந்த ஒரு கிழமையை நினைத்தால் எல்லாம் தண்ணீருக்குள் நடந்தது போல இருக்கிறது. வெளியே மழை. ஆய்வுகூடத்தில் நாங்கள் இரண்டு பேர், மெதுவாகக் கதைத்துக்கொண்டு. வட்டத் தட்டின் ஒரு ஓரத்தில் மூன்றாம் அறை மா ஒரு கரண்டி, எதிர் ஓரத்தில் ஐந்தாம் அறை மா ஒரு கரண்டி. ஒற்றை மயிர்த் தூரிகையால் மைற்றாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து நடுவில் விட்டேன். இப்படிப் பல தட்டு. மறுநாள் பார்த்தால் எல்லாத் தட்டிலும் அவை மூன்றாம் அறைப் பக்கம் போய்க் குடியிருந்தன. ஐந்தாம் அறை மாவின் எல்லை வரை போய்த் திரும்பிய தடங்கள் தெரிந்தன. வேறு சில தட்டுகளில் ஐந்தாம் அறை மாவை மட்டும் வைத்து அவற்றை உள்ளே விட்டோம். அவை முட்டை இடவில்லை. நாளுக்கு நாள் நடை தளர்ந்து, கிழமை முடிவதற்குள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

மற்றது அகர்த் தட்டு. “நாங்க நோன்பு தொறக்கிற கடற்பாசிதான், சீனி மட்டும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே சேர் காய்ச்சுவார். அந்த ஜெலியில் மூன்றாம் அறை மைற்றா ஒன்றை விட்டு, நடக்கவிட்டு, பிறகு எடுத்துவிட்டோம். வெறும் தட்டு, ஒரு அடையாளமும் இல்லை. சில நாளில் அந்த வெறும் தட்டில் அது நடந்த வழி முளைத்தது. நீலப்பச்சைப் புள்ளிகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, வளைந்து, ஒரு இடத்தில் வட்டமடித்து, திரும்பவும் நேராக. போய்விட்ட ஒன்றின் காலடி தானாக முளைப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எத்தனை தரம் மூடியைத் திறந்து பார்த்தேனோ தெரியாது. சேர் அந்தப் புள்ளிகளை ஆராய்ந்து, இது சாதாரணப் பூஞ்சணம், மைற்றாவின் அன்றாடச் சோறு என்றார். ஐந்தாம் அறை மணிகளை வைத்த தட்டில் முளைத்தது வேறு. மஞ்சள் கலந்த பச்சை, வெல்வெட் போல ஒரே விரிப்பாக.

கடைசியில் இருட்டறைக்குள் போனோம். ஐந்தாம் அறைச் சோளத்தை உடைத்துப் பரப்பி, ஊதா விளக்கைப் பிடித்தார். இருட்டில் அங்கொன்று இங்கொன்றாக உடைந்த மணிகள் பச்சைமஞ்சளாய் ஒளிர்ந்தன. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. பிள்ளைகளின் ஈரலுக்குப் போகவிருந்த நஞ்சு அது என்பதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டால்தான் பயம் வந்தது. விளக்கு சாட்சி மட்டும்தான், தீர்ப்பு இல்லை என்று சேர் அதை வேறொரு பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்தும் அதே பதில் வந்தது. ஐந்தாம் அறைச் சோளம் வரும் வழியில் நனைந்து, யாரோ வெயிலில் காயப்போட்டு, மேலே பழுதில்லாமல் சாக்கில் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். அறையின் பொறுப்பாளருக்கு அது தெரிய வழியே இல்லை. மழையில் பழைய ஈரம் திரும்பியபோது உள்ளே இருந்த பூஞ்சணம் விழித்திருக்கிறது. அந்தச் சோளத்தை அழித்தார்கள். மூன்றாம் அறைச் சோளமும் பிள்ளைகளுக்குப் போகவில்லைதான். ஆனால் அங்கே நஞ்சு இருக்கவில்லை. அங்கே மா நடந்ததால்தான் நடக்காத இடம் எங்கள் கண்ணில் பட்டது.

விசாரணை நடக்கவில்லை. பஸ்தியனை வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் தயாரானது. சேர் என்னைக் கூப்பிட்டு, “கடிதம் அதுட பாட்டுல தபால்ல போகும். ஒங்கட வாயால போனத நீங்கதான் போய் எடுக்கணும்” என்றார். கன்ரீன் கதை அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மட்டக்குளி பஸ்ஸில் போனேன். தொடர்மாடி வீடுகளில் நாலாவது மாடி. கதவைத் திறந்தது பஸ்தியனின் மனைவி. வராந்தா முழுக்கத் துணி காய்ந்தது. சேர்ட், சாரம், படுக்கை விரிப்பு, தலையணை உறைகூட. உள்ளே மேசையில் ஒரு கறுப்பு அலுமினியத் தட்டு, அதில் வீட்டு அரிசிமா கூம்பாக நின்றது. மேலே கிண்ணம் கவிழ்த்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவர் மனைவி, ஒவ்வொரு நாளும் இதுதான் நடக்கிறது என்றார். தன் உடுப்பில் ஒட்டிக்கொண்டுதான் மைற்றா களஞ்சியத்துக்குப் போனதோ என்று பஸ்தியனுக்குப் பயம். வீட்டில் உள்ள துணி முழுவதையும் அவித்துவிட்டார்களாம். மகளின் கைக்குழந்தையைத் தூக்கவும் மாட்டேன் என்கிறாராம்.

பஸ்தியன் உள்ளறையில் இருந்து வந்தார். நான் இருக்கவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சோளத்தின் கதை, நஞ்சு, கடிதம். பிறகு கன்ரீனில் பகிடி சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். பஸ்தியன் தட்டில் இருந்த கூம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதை விடுங்க மிஸ்,” என்றார் கடைசியில். “நீங்க அதைப் பார்த்தீங்கதானே. எனக்கு அது போதும்.”

நான் தட்டுகளைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஓம், பார்த்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கிண்ணத்தை எடுத்தார். மா அசையாமல் நின்றது. அவர் மனைவி அதே மாவில் அன்றைக்குப் பிட்டு அவித்துத் தந்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் பஸ்ஸில் தூங்கிப்போய் இரண்டு ஹோல்ட் தள்ளி இறங்கினேன்.

அதற்குப் பிறகு சேர் ஒவ்வொரு ஃபோமிலும் அடிமட்டம் வைத்து ‘மணம்’ என்று ஒரு கட்டம் கையால் போட்டார். பிறகு அச்சிலேயே வந்தது. மா நடக்கவில்லை என்று யாராவது எழுதினால் பக்கத்தில் ஏன் என்று எழுதவேண்டும் என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. இதை ஒரு விதியாக ஆக்கிவிடாதீர்கள் என்றும் சேர் சொல்வார். மைற்றா இல்லாத சோளமெல்லாம் நஞ்சு இல்லை, வெறுமனே காய்ந்ததாகவும் இருக்கலாம், கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்பார். அவருடைய பிரியாவிடையில் இந்தக் கதையை நான்தான் மேடையில் சொன்னேன். எல்லோரும் ‘நளீம் சேரின் ஏன்’ என்று கைதட்டினார்கள். சேர் எழுந்து, அந்தக் கேள்வி தன்னுடையது இல்லை என்றார். அவருடைய வழக்கமான பணிவு என்று எண்ணி இன்னும் பலமாகத் தட்டினோம். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ காத்திருப்பது போல ஒரு பார்வை. சேர் இப்போது இல்லை.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, ஈரமானி எத்தனை காட்டியது என்பதைச் சரிபார்க்க நினைத்து, பழைய அல்மாரியில் அந்த ஃபோம்கள் இருந்தால் படம் எடுத்து அனுப்பும்படி ரிஸ்னாவிடம் கேட்டிருந்தேன். போன கிழமை மத்தியானம், நான் கண்ணயர்ந்த நேரம், போன் சிணுங்கியது. மூன்றாம் அறை ஃபோம். மேலே என் எழுத்து, ‘மா நடந்தது’. அடியில் பொறுப்பாளரின் குறிப்பு. நாலு வரியும் நிறைந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதியிருந்தது.

‘என் அறையில் மா நடந்தது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈரம் இரண்டு அறைக்கும் ஒன்று. ஐந்தாம் அறையில் ஏன் நடக்கவில்லை? பிள்ளைகளுக்கு அனுப்ப முன் பார்க்கவும்.’

கீழே பென்சிலில் நளீம் சேரின் எழுத்து. ‘நல்ல கேள்வி.’

ரயில் போயிற்று. கட்டில் நடுங்கியது. பழைய தாள்களையெல்லாம் கிழிக்கச் சொல்லியிருக்கிறார்கள், இதையும் கிழிக்கட்டுமா என்று ரிஸ்னா கீழே கேட்டிருந்தாள். கிழிக்காதே, நான் வந்து எடுக்கிறேன் என்று எழுதினேன்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து மட்டக்குளி பஸ் ஏறினேன். அதே தொடர்மாடி, அதே நாலாவது மாடி. படி ஏற நின்று நின்றுதான் முடிந்தது. பஸ்தியன் வாசலோரக் கதிரையில் இருந்தார். மனைவி இறந்துவிட்டார், இவர் மகளோடு இருக்கிறார். கண் பார்வை அவ்வளவாக இல்லை. குரலை வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்து தாளை விரித்து, அவர் எழுதிய நாலு வரியையும் அவருக்கே வாசித்துக் காட்டினேன். சேர் எழுதியதையும் வாசித்தேன். இந்தக் கேள்வியை இத்தனை வருடமாக நளீம் சேரின் கேள்வி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன் என்றேன். இதை நேற்றுத்தான் முதன்முதலாக வாசித்தேன் என்றும் சொன்னேன்.

அவர் கையை நீட்டித் தாளைத் தடவினார். எழுத்து இருந்த இடத்தை விரல் தானாகக் கண்டுபிடித்தது.

“நீங்க அண்டைக்கே வாசிச்சிட்டீங்க எண்டுதான் மிஸ் நினைச்சனான்,” என்றார். “அதாலதான் அண்டைக்கு எனக்குக் கோவம் வரேல்ல.”